சேப்டிக்கு ஒரு வார்த்தை

உத்திரமேரூர் வட்டாரத்தில் பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காத பாட்டிக்கும் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளில் 'சேப்டி'யும் ஒன்று. பஸ், டிக்கெட், டாக்டர், கரண்டு என்ற வரிசையில் அதற்கும் இடம் உண்டு. ஆனால் பஸ் என்றால் பஸ்தான். சேப்டி அப்படியில்லை. ஊக்கும் சேப்டி, தீப்பெட்டியும் சேப்டி, கம்பெனியில் மாட்டிவிடும் கனத்த ஷூவும் சேப்டி, முந்தானையில் முடிந்து வைத்த நூறு ரூபாயும் சேப்டி. கொல்லைப்புறத்தில் சிமெண்ட் மூடி போட்டு மூடிய குழிக்கும் அதே பெயர். அந்தக் குழிக்குக் கடைசியில் வருவோம்.

முதலில் ஊக்கு. தாலிச் சரட்டில் நாலைந்து ஊக்கு கோத்துவைக்காத பெண்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. புடவை மடிப்புக்கு ஒன்று, ரவிக்கை விட்டுப்போனால் ஒன்று, அறுந்த செருப்பு வாருக்கு ஒன்று. வயலுக்குப் போய்த் திரும்பும்போது காலில் தைத்த வேலிகாத்தான் முள்ளை நோண்டி எடுக்கவும் அதுதான். (வேலியைக் காக்க வந்ததாகப் பேர் வாங்கிய அந்த முள்மரம் ஏரிகளையே வளைத்துப் பிடித்துக்கொண்டது தனிக்கதை.) நெரிசலான பேருந்தில் பின்னால் நின்று கையை நீட்டுகிறவனுக்கு ஊக்கின் கூர்முனையால் பதில் சொன்ன பெண்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த இடத்தில்தான் 'சேப்டி பின்' என்ற பெயர் முழுசாகப் பொருந்துகிறது.

ஆனால் அதைக் கண்டுபிடித்தவர் அந்தப் பெயரை வைக்கவில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹண்ட் 1849 ஏப்ரலில் காப்புரிமை வாங்கியபோது அதன் பெயர் வெறும் 'உடை ஊசி'. 15 டாலர் கடனை எப்படி அடைப்பது என்று கம்பியை வளைத்துக்கொண்டே யோசித்தவருக்குக் கிடைத்த யோசனை அது என்பார்கள். உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். பிறகு அதில் கோடி கோடியாகச் சம்பாதித்தவர்கள் வேறு ஆட்கள்.

தீப்பெட்டிக்கு அந்தப் பட்டம் நியாயமாகவே கிடைத்தது. பழைய தீக்குச்சிகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. எதில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். அதைவிட மோசம், அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் தாடை எலும்பு அழுகிப்போனது. 1844இல் சுவீடனின் குஸ்தாஃப் எரிக் பாஷ் பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துவிட்டு, ஆபத்தில்லாத சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தார். குச்சியும் பெட்டியும் சேர்ந்தால்தான் நெருப்பு. பிரிட்டிஷ் இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிகளைத் தடை செய்ய 1913இல் தனிச் சட்டமே வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி, சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். சமையலறை தீப்பெட்டியின் முதுகில் மயில், கிளி, சாவி என்று எந்தப் படம் இருந்தாலும் அடியில் 'சேப்டி மேட்சஸ்' என்று அச்சடித்திருப்பது அந்த வரலாற்றின் எச்சம்.

சைக்கிளுக்கும் ஒரு காலத்தில் இந்தப் பட்டம் இருந்தது. முன்சக்கரம் ஆளுயரம், பின்சக்கரம் தட்டளவு என்று இருந்த பழைய வண்டியிலிருந்து தலைகுப்புற விழுந்து செத்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் இரண்டு சக்கரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கி, சங்கிலி மாட்டி இறக்கிய ரோவர் வண்டிக்குப் பெயர் 'சேப்டி பைசிக்கிள்'. 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் தயாரித்து, நம் ஊர்ப் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய அத்தனை வண்டியும் அந்த வம்சம்தான். எல்லா வண்டியும் அப்படியே ஆனதும் முன்னொட்டு உதிர்ந்துவிட்டது. ஆபத்து மறந்துபோனால் பெயரும் மறந்துபோகும் போலிருக்கிறது.

பேச்சில் இந்தச் சொல் எடுக்கும் வேஷங்கள் இதைவிடச் சுவாரசியம். "எதுக்கும் ஒரு சேப்டிக்குக் குடையை எடுத்துக்கோ" என்றால் ஒருவேளை மழை வந்தால் என்று அர்த்தம். "பையன் சேப்டியா போய்ச் சேர்ந்துட்டானாம்" என்றால் துபாயிலிருந்து போன் வந்துவிட்டது. "சீட்டுப் பணத்துல பாதியை அவன் சேப்டி பண்ணிட்டான்" என்றால் ஒதுக்கி ஒளித்துவிட்டான். "தலைவர் சேப்டியாப் பேசிட்டாருப்பா" என்றால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவிவிட்டார். மருந்துக் கடையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு "சேப்டி ஒண்ணு குடுங்க" என்று கேட்பவருக்கு என்ன வேண்டும் என்று கடைக்காரருக்குத் தெரியும். இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தது 1986இல், சென்னையில்தான். அந்த வரலாறு இருந்தும், ஆணுறையின் பெயரை வாய்விட்டுச் சொல்ல இன்னமும் கூச்சம். இங்கே சேப்டி ஒரு திரைச்சீலை.

இந்த வேலையையெல்லாம் முன்பு பார்த்துக்கொண்டிருந்த சொல் 'பத்திரம்'. "பத்திரமா போய்ட்டு வா", "நகையைப் பத்திரமா வை", "பிள்ளை பத்திரம்". இன்றைக்கும் வாசலில் நின்று வழியனுப்பும் அம்மா அதைத்தான் சொல்கிறாள். போனில் பேசும் மகள் 'சேப்டியா வந்துட்டேன்' என்கிறாள். பத்திரத்துக்கு இன்னொரு பொருள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. இரண்டும் வேர் வேறான சொற்கள். தமிழ் வாயில் ஒன்றாகிவிட்டன. நிலத்தை நம்பிப் பிழைக்கும் தாலுகாவில் அந்தக் குழப்பம் ரொம்பப் பொருத்தம். பத்திரம் கையில் இல்லாதவன் எங்கே பத்திரமாக இருப்பது?

நிலமும் நீரும் பத்திரமாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்று ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசிய ஊர் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளைப் பார்க்க வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தேர்தல் முறைக்காகத்தான் அவை பேர்போனவை: 30 குடும்பு என்ற ஊர்ப் பிரிவுகள், பானையில் ஓலை, எதுவும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்வது. ஆனால் அப்படித் தேர்ந்தவர்கள் பார்த்த வேலையைக் கவனித்தால் பாதி 'சேப்டி'தான். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பொன்னின் மாற்றை உரைத்துப் பார்க்கப் பொன் வாரியம். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரர்களும் போட்டிக்கே வரக் கூடாது என்று ஒரு விதி. பணத்துக்கு அதைவிட நல்ல பூட்டு இன்றைக்கும் கிடையாது. அதே கல்வெட்டு, சொந்த நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும் அந்தப் பானையைத் திறந்துவிட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அது பிராமணர் சபை. ஏரியில் மண் சுமந்தவர்களின் பெயர் ஓலையில் ஏறவில்லை.

அந்த ஏரி, வைரமேக தடாகம், பல்லவர் காலத்தது. அதைத் தூர்வாரி வைக்க அறக்கட்டளைகள் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஏரிக்கு இருக்கும் ஒரே பாதுகாப்புக் கருவி கலங்கல். குக்கருக்கு சேப்டி வால்வு என்ன செய்கிறதோ, அதைத்தான் ஏரிக்குக் கலங்கல் செய்கிறது: அளவுக்கு மிஞ்சியதை வெளியே விட்டு, கரையைக் காப்பாற்றுகிறது. கலங்கலை அடைத்தோ, உபரிநீர்க் கால்வாயில் வீடு கட்டியோ வைத்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் பழைய காஞ்சிபுரம் மாவட்டம் கழுத்தளவு நீரில் நின்று பார்த்தது. பக்கத்து மதுராந்தகத்தில் பெருமாளுக்கே 'ஏரி காத்த ராமர்' என்று பெயர். கம்பெனி ஆட்சிக் காலத்தில், 1790களில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், கரை உடையப்போகிற ஒரு மழை இரவில் வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைக் கண்டார் என்பது ஊர் சொல்லும் கதை. கோயிலில் அவர் பெயரில் கல்வெட்டு உண்டு. கரையில் யாரோ ராத்திரி கண்விழித்து நிற்க வேண்டும் என்பதுதான் அந்தக் கதை கேட்கும் விஷயம்; அது ராமராக இருந்தாலும் சரி, நீர்வளத் துறை லஸ்கராக இருந்தாலும் சரி.

இன்று இந்த வட்டாரத்தில் கண்விழித்து நிற்பவர்கள் வேறு. விடியலுக்கு முன்னால் கூட்டுரோடுகளில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று சிப்காட் வளாகங்கள் வந்த பிறகு, ஏர் பிடித்த வீடுகளிலிருந்து ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று ஆள் கிளம்புகிறது. அவர்களோடு வீட்டுக்குள் வந்ததுதான் புது சேப்டி. சேப்டி ஷூ, சேப்டி கண்ணாடி, ஹெல்மெட், காதடைப்பு. கம்பெனி வாசலில் விபத்து நடக்காத நாட்களை எண்ணிக் காட்டும் பலகை. 1966 மார்ச் 4இல் தேசியப் பாதுகாப்பு மன்றம் தொடங்கியதன் நினைவாக, மார்ச் 4 வந்தால் உறுதிமொழி, கட்டுரைப் போட்டி, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ். அதைக் குத்த மறுபடியும் சேப்டி பின்.

பழைய தொழிற்சாலைகள் சட்டப்படி ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்த ஆலையில் பாதுகாப்பு அலுவலர் இருந்தாக வேண்டியிருந்தது. அந்த விதியும் வளைகுடா வேலையும் சேர்ந்து ஒரு படிப்பையே உண்டாக்கிவிட்டன. 'பயர் அண்ட் சேப்டி' என்ற விளம்பரம் இல்லாத பேருந்து முதுகு உண்டா? சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்தும் முறையான பட்டயப் படிப்பும் இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே அறை பிடித்து நடத்துவதும் இருக்கிறது. பெற்றவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டும் முன், அந்தச் சான்றிதழை எந்த அரசு அமைப்பு ஏற்கிறது என்று கேட்டுவிடுவது நல்லது. 'சேப்டி'க்குச் செலவு செய்து ஏமாறுவது கொடுமை.

வாசல் பலகை சொல்வதற்கும் உள்ளே நடப்பதற்கும் சில ஆலைகளில் தூரம் அதிகம். தகடு அழுத்தும் பிரஸ் எந்திரங்களில் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் வெளியே இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. உற்பத்தி வேகம் போதவில்லை என்று ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டிவிட்டால் ஒரு கை சும்மா ஆகிவிடும். சும்மா இருக்கும் கை அச்சுக்குள் போகும். வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் விரல் இழந்தவர்களைப் பற்றி 'சேப் இன் இந்தியா' என்ற அமைப்பு தொடர்ந்து அறிக்கை வெளியிட்டு வருகிறது. அதிகம் அடிபடுவது ஒப்பந்தத் தொழிலாளிகளும் வெளியூர்த் தொழிலாளிகளும். காவல் கருவியைக் கழற்றச் சொன்னவர் யார் என்ற கேள்வி விபத்துப் பலகையில் வருவதில்லை.

வாசலைத் தாண்டினால் அந்த அக்கறையும் நின்றுவிடுகிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யும் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளிகள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்த பிறகுதான் விடுதிகளின் நிலை வெளியே வந்தது. ஆலைக்குள் செல்போனுக்கு ஒரு தூசி படாமல் பார்த்துக்கொண்டவர்கள், அதைச் செய்த பெண் எங்கே படுக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று பார்க்கவில்லை. அந்த மாதம் அதே நிறுவனத்தின் வாசலில் ஒட்டியிருந்த பாதுகாப்பு வாசகங்களை அந்தப் பெண்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

ஆனால் கம்பெனிகளை மட்டும் சொல்லி முடியாது. 2015 ஜூலை முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம். 2022 அக்டோபரிலிருந்து போடாவிட்டால் ஆயிரம் ரூபாய். செங்கல்பட்டு ரோட்டிலும் வந்தவாசி ரோட்டிலும் நின்று பார்த்தால் ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேலோ கண்ணாடிக் கம்பியிலோ தொங்கிக்கொண்டு போகும். எதிரே வருகிறவர் விளக்கை அடித்துக் காட்டினால், அதாவது முன்னால் போலீஸ் நிற்கிறார்கள் என்று தகவல் வந்தால், தலைக்கு ஏறும். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் பறக்கிற சாலையில் போலீஸ்காரரிடமிருந்து தப்பிப்பதற்கு மட்டும் ஹெல்மெட் வைத்திருப்பது நம் ஊர் சேப்டி.

இப்போது அந்தக் குழி.

'செப்டிக் டேங்க்' என்பதை இந்தப் பக்கத்தில் பலரும் 'சேப்டி டேங்கு' என்றே சொல்கிறார்கள். கொத்தனார் சொல்கிறார், ஹார்டுவேர் கடையில் உறை வாங்க வருபவர் சொல்கிறார். இந்தியா முழுக்கவே இந்த மாற்றம் நடந்திருக்கிறது. கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் 'செப்டிக்' என்பதற்கு அழுகல் என்று அர்த்தம். இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரப் பொறியாளர் டொனால்ட் கேமரன் 1895இல் கட்டியபோது, காற்று புகாத தொட்டிக்குள் கிருமிகள் மலத்தை அழுகவைத்துக் கரைக்கும் என்பதால் இட்ட பெயர். அழுகும்போது வாயு வரும். மீத்தேன் வரும், ஹைட்ரஜன் சல்பைடு வரும். கூமுட்டை நாற்றம் அடிக்கும் அந்த இரண்டாவது வாயுவுக்கு ஒரு கெட்ட குணம்: அளவு கூடினால் மோப்பத்தையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கிற அந்த நிமிடத்தில்தான் அது கொல்லும். பிராணவாயுவும் அங்கே இருக்காது. இறங்கியவர் இரண்டு மூச்சில் சரிவார். மேலே நிற்பவர் அவரைத் தூக்க இறங்குவார். பிறகு அடுத்தவர்.

2019 மார்ச் 26 அன்று ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு குடியிருப்பின் தொட்டியில் அப்படித்தான் ஆறு பேர் இறந்தார்கள். அதில் மூன்று பேர் ஒரே வீடு: தந்தையும் இரண்டு மகன்களும். ஒருவரைக் காப்பாற்ற ஒருவராக இறங்கியவர்கள். உத்திரமேரூரிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. 1993 முதல் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் இறந்தவர்கள் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் வைக்கும் கணக்கில் தமிழ்நாடு தொடர்ந்து முதலிடத்தில் நிற்கிறது. நெமிலியில் இறங்கியது வீட்டு ஆட்கள். பெரும்பாலான இடங்களில் இறங்குவது கூலிக்கு அழைக்கப்பட்டவர்கள், அதுவும் எந்தத் தெருவிலிருந்து அழைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சாதி தெரியாமல் யாரும் அந்த வேலைக்கு ஆள் தேடுவதில்லை.

சட்டம் மெத்தனமாக இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதைக் குற்றமாக்கியது. முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அமர்த்தியது நகராட்சியா, ஒப்பந்தக்காரரா, வீட்டுக்காரரா என்று அது பிரிக்கவில்லை. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. அப்படியும் 'ஐந்நூறு ரூபா கூடக் கொடுத்தா இறங்கிடுவான்' என்ற பேச்சு ஊரில் நிற்கவில்லை. அந்தப் பேச்சை நிறுத்தாத பஞ்சாயத்தில் எத்தனை விழிப்புணர்வுப் பேரணி நடத்தி என்ன பயன்?

கட்டும்போதே பாதிச் சிக்கல் தொடங்குகிறது. நாம் சேப்டி டேங்கு என்று கட்டுவதில் பல, தொட்டியே இல்லை. உறை இறக்கிய ஒற்றைக் குழி. நிறைந்தால் யாராவது எடுத்தாக வேண்டும். கிராமத்து வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான வழி இரட்டைக் குழி: ஒன்று நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்ததற்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியில் இருப்பது காலப்போக்கில் மட்கி, நாற்றமில்லாத எருவாகிவிடும். யாரும் உள்ளே இறங்க வேண்டாம். தூய்மை இந்தியா திட்டத்தில் கட்டச் சொன்னதும் அதைத்தான். இடமில்லை, செலவு என்று பலர் ஒரு குழியோடு நிறுத்திக்கொண்டார்கள். தொட்டிதான் கட்டுவது என்றால் வாயு போக உயரமான குழாய் வேண்டும், லாரிக் குழாய் நுழைகிற அளவுக்கு மூடி வேண்டும். மூடிக்கு மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டுப் பிறகு உடைப்பதில் புண்ணியமில்லை. உறிஞ்சிய கழிவை ஏரியோரமாக இரவில் ஊற்றிவிட்டுப் போகிற லாரிகளும் உண்டு. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் அதைச் சுத்திகரிக்கவே ஒரு நிலையம் இருக்கிறது. எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று லாரிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு.

யாராவது உள்ளே விழுந்துவிட்டால் கயிற்றையும் கம்பையும் நீட்டலாம், தீயணைப்புத் துறையை 112இல் கூப்பிடலாம். எவ்வளவு நெருங்கின உறவானாலும் பின்னாலேயே இறங்கக் கூடாது. தொட்டி நிறைந்தால் உறிஞ்சு லாரிக்கு அழைக்க வேண்டிய எண் 14420. சுவரில் பென்சிலால் பால்காரர் கணக்கு எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் அதையும் எழுதி வையுங்கள்.